அகத்துள் நுழையும் புறம்: காதற் படங்களும் வரலாற்றுத் துயரங்களும்

திரைப்படம் இலக்கிய ஆராய்ச்சிக்குரிய பொருளாகுமோ என்னும் ஐயம் ஒருகாலத்துத் தமிழாசிரியரிடையே மிக்கிருந்தது. கதையும் மாந்தரும் உரையாடலும் பாட்டும் அமைந்த ஒரு படைப்பைத் தமிழ் கற்றார் திறனாயாது ஒதுக்குவராயின், அதனைப் பற்றிய முடிபுகள் யாவும் விளம்பரம் எழுதுவார் கையிலேயே தங்கிவிடும். ஆதலின் அவ்வையத்தை விடுத்து, திரைக்கதையில் வேரூன்றிவிட்ட வழக்கொன்றினை மட்டும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். உண்மையில் நிகழ்ந்து மக்கள் பலர் மாண்ட ஒரு கொடுந்துயரைக் களமாக நிறுத்தி, அக்களத்தில் புனைவாகிய இருவர்தம் காதலை நடத்திக் காட்டுதலே அவ்வழக்கு.

சான்று தேடி அலையவேண்டுவதில்லை. காசுமீரத்து ஆட்கடத்தலை வைத்து ‘ரோஜா’ (1992), பம்பாய்க் கலவரத்தை வைத்து ‘பம்பாய்’ (1995), 1946-ஆம் ஆண்டுக் கல்கத்தாப் படுகொலையை வைத்து ‘ஹே ராம்’ (2000), ஈழப்போரை வைத்து ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002), தேயிலைத் தோட்டத்து அடிமைவாழ்வை வைத்துப் ‘பரதேசி’ (2013) எனத் தமிழிலேயே ஒரு நிரை உண்டு. பிறநாட்டார்க்கும் இது புதிதன்று. 1912 ஏப்பிரல் 15-ஆம் நாள் ‘டைட்டானிக்’ கப்பல் கடலுள் மூழ்கியபோது மாண்டோர் 1,500-க்கு மேற்பட்டோர். 1997-இல் வெளிவந்த அப்பெயர்ப் படத்தைக் கண்டாரை வினவின், அவருள் பெரும்பாலோர் நினைவுகூரும் சாவு ஒன்றே; அதற்குரியவனோ அக்கப்பலில் ஏறாத, எங்கும் பிறவாத புனைவு மாந்தன்.

இவ்வழக்கைக் கடிவோர், ‘இறந்தோரைக் காதலர்க்குத் திரைச்சீலை ஆக்குதல் அறமன்று’ என்பர். தாங்குவோர், ‘காதல் இன்றேல் இத்துயரங்களை ஒருவரும் காணவாரார், கசப்பு மருந்தைத் தேனில் குழைத்தலே இது’ என்பர். முன்னது சினத்தின் கூற்று. பின்னது வாணிகத்தின் கூற்று. இரண்டும் திறனாய்வுக் கொள்கை ஆகா. காதலையும் பொதுவாழ்வின் பேரழிவையும் ஓரிடத்து வைத்துப் பாடுதல் தமிழர்க்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். அப்பழக்கத்திற்கு வகுத்துக்கொண்ட வரம்புகளும் நம்மிடம் உள. அவ்வரம்புகளைக் கொண்டு இப்படங்களை அளந்து பார்த்தவர் மிகச் சிலரே.

அகன் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறலாகாது என்பதும், பெயர் வருதல் புறத்திணைக்கே பொருந்தும் என்பதும் தொல்காப்பியர் துணிபு. இவ்விதியைக் காதலின் பொதுமையைக் காக்க எழுந்ததெனக் கூறி அமைவது உரையாசிரியர் காலந்தொட்டு வரும் வழக்கம். அது மெய்யே, ஆயின் முழுமெய்யன்று. காதலர் பெயரற்று நிற்ப, அவரைச் சூழ்ந்த உலகம் பெயர்பெற்று நிற்கிறது என்பதனையும் உடன் நோக்குதல் வேண்டும். பரணரும் மாமூலனாரும் பாடிய அகப்பாடல்களில் தலைவன் இன்னான், தலைவி இன்னாள் என அறியோம். வேந்தர் பெயரும் களத்தின் பெயரும் ஆற்றின் பெயரும் நன்கு அறிவோம். நந்தர் கங்கையுள் மறைத்த செல்வத்தை ஒரு பாலைப்பாட்டே நமக்குச் சொல்லிற்று. வரலாற்று நூல் எழுதுவோர் அகநானூற்றை இன்றும் புரட்டுவது இதனாலன்றோ?

திரைக்காதல் இதனைத் தலைகீழாக்கிக்கொண்டது. ஆண்டுக் காதலர்க்குப் பெயரும் ஊரும் உடையும் பாட்டும் உண்டு. மாண்டார்க்கு ஒன்றும் இல்லை.

இங்கு ஒரு தடை எழும். பரணர் அகநானூற்று 246-ஆம் பாடலில், வெண்ணிவாயிற் போரில் வேளிர் பதினொருவரும் வேந்தரும் கரிகாலன்முன் வீழ்ந்தஞான்று அழுந்தூரில் எழுந்த ஆரவாரத்தினும், தம் ஊரில் எழுந்த அலர் பெரிது எனத் தோழியைப் பேசவைக்கிறார். அத்தனை பேர் மாண்ட களம் ஊர்ப்பெண்டிர் வாய்ச்சொல்லுக்கு உவமையாகக் குறுகிற்று. இதனினும் எளிமைப்படுத்தல் உண்டோ என வினவலாம். வினா நேரியதே. அதனைத் தட்டிக்கழித்தல் ஆகாது.

விடை மாமூலனாரிடம் உள்ளது. அகநானூற்று 55-ஆம் பாடலில் மகளை உடன்போக்கில் இழந்த தாய் பேசுகிறாள். கரிகால் வளவனொடு வெண்ணிப்பறந்தலையில் பொருது புறப்புண் நாணி வாளொடு வடக்கிருந்தான் பெருஞ்சேரலாதன். அது கேட்ட சான்றோர் அவனோடு தாமும் உயிர்நீத்தனர். மகளைப் பிரிந்தும் தன் உயிர் அங்ஙனம் நீங்கவில்லையே என்பது அத்தாயின் புலம்பல். வெண்ணியின் சாவு இங்கு உவமையே. ஆயினும் அது அளவுகோலாகவும் நிற்கிறது. வீட்டுத்துயர் நாட்டுத்துயரைத் தனக்கு அணியாக்கிக்கொள்ளவில்லை. அதன்முன் நின்று தன்னை அளந்து, குறைந்ததென நாணுகிறது. அலரைப் பெரிதென்ற 246-ஆம் பாடலும், உயிர் நீங்கவில்லையே என்ற 55-ஆம் பாடலும் ஒரே களத்தை இருவேறு திசையிற் பயன்படுத்துவதை மாணவர் அருகருகே வைத்துக் காண்பாராக.

இதனினும் இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. அவ்வெண்ணிப்போர் அகத்தில் உவமையாக மட்டும் வாழ்ந்ததன்று. கழாத்தலையார் அச்சேரனுக்காகத் தனியே கையறுநிலை பாடினார். அது புறநானூற்று 65. வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் வென்ற கரிகாலனை நோக்கியே, தோற்று வடக்கிருந்தவன் அவனினும் நல்லன் அல்லனோ என வினவினார். அது புறநானூற்று 66. ஆகவே பரணரின் உவமையைக் கேட்ட சங்கத்தார்க்கு வெண்ணியின் துயர் தெரியாத ஒன்றன்று. அதற்கெனப் புறம் ஒன்று முன்னரே இருந்தது. அகம் அதன்மேல் சாய்ந்துகொண்டது. அதற்கு மாற்றாகத் தான் வந்து அமரவில்லை. ஆதிமந்தியின் கதையும் இன்னதே. காவிரி கவர்ந்த கணவன் ஆட்டனத்தியைத் தேடி அலைந்த அவள் துயரைப் பரணர் தம் அகப்பாடல்களில் மீளமீள எடுத்தாள்கிறார். அவள் பாடியதாகவே ஒரு செய்யுள் குறுந்தொகையில் உண்டு.

இவற்றிலிருந்து யாம் கொள்ளும் அளவுகோல் ஒன்றே. ஒரு துயரத்திற்குத் தனிப்புறம் இருக்குமாயின், அதன்மேல் எழும் அகம் எத்துணைக் குறும்பாயினும் தீங்கில்லை. தனிப்புறம் இல்லாதபோது, காதற்கதையே அத்துயரின் ஒரே ஆவணமாகிவிடும். அந்நிலையில் அக்கதை ஏற்கும் பொறுப்பு வேறு.

நெடுநல்வாடை அகமா புறமா என்னும் வினாவைத் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதெனக் கருதும் மாணவர் உளர். பாட்டு முழுதும் பிரிந்த தலைவியின் துயரும் வாடைக்காலமும் பாசறையும் பேசி, ஓரிடத்து மட்டும் வேலில் வேம்பு தலையாத்தமை கூறப்படுகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. ஆதலின் பாட்டு சுட்டி ஒருவர்ப் பெயர் கொண்டதனோடு ஒக்கும், புறமாயிற்று என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. ஓர் இலை போதும், காதற்பாட்டின் திணை மாறிவிடும்! உரையாசிரியர் மிகைப்படக் கூறினார் எனச் சிலர் நகுவர். யாம் அவ்வாறு கருதவில்லை. வரலாற்று அடையாளம் ஒன்றைத் தொட்டவுடன் படைப்பின் கடப்பாடு மாறுகிறது என்னும் நுண்ணுணர்வு அவ்வுரையில் உள்ளது. 1992 திசம்பர் 6 என்னும் நாளைத் திரையில் எழுதிக்காட்டும் படம், தான் வெறுங்காதற் படமே என்று பின்னர்க் கூறித் தப்ப இயலாது. அதன் வேலில் வேம்பு ஏறிவிட்டது.

இனி, போரையும் காதலையும் இணைத்தலில் நேர்மையான கொடுமை என ஒன்றுண்டு. கலிங்கத்துப்பரணி அதற்குச் சான்று. இக்கட்டுரை எழுதப்பெறும் திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். இப்பாலாற்றங்கரையில் குலோத்துங்கன் பரிவேட்டையாடிக் காஞ்சியில் தங்கியிருந்தபோதே வடகலிங்கன் திறைகொணராமை அறிந்து படையேவினான் எனச் சயங்கொண்டார் கூறுகிறார். 1110-ஐ ஒட்டி நிகழ்ந்த அப்போரைப் பாடுமுன், கதவடைத்து ஊடிய மகளிரை விளித்துக் கடைதிறப்புப் பாடுகிறார். இன்பச்சுவை ததும்பும் அவ்வாயிலைக் கடந்து உட்புகுந்தால் பேய்கள் கூழ் அடுகின்றன. கலிங்க வீரரின் உடல்களே அக்கூழுக்குப் பொருள். கலிங்கத்தார்க்கு இரங்கும் ஓரடியும் அதில் இல்லை. வென்ற பக்கத்தில் நின்று வெற்றியை நுகரும் நூல் அது. தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. காதலை வாயிலிலும் களத்தை உள்ளிலும் பிரித்து வைத்த சயங்கொண்டார், ஒன்றினால் மற்றொன்றை மறைக்கவில்லை. திரைப்படங்கள் இரங்குவதாகச் சொல்லிக்கொண்டே நுகர்விக்கின்றன. பரணியின் கொடுமையினும் இவ்விரக்கமே ஆராயத்தக்கது.

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள வீரராசேந்திரன் (1063–1070) கல்வெட்டையும் ஈண்டு நினைத்தல் தகும். அதன் மெய்க்கீர்த்தி, சாளுக்கியரைப் பொருது வென்றமையை விரித்துப் புகழ்கிறது; நடை உயர்ந்து ஒலிக்கிறது. அது முடிந்தபின் அதே கல்லில் ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையின் கணக்கு வருகிறது: பதினைந்து கிடக்கைகள், மருத்துவன் ஒருவன், சல்லியக்கிரியை செய்வான் ஒருவன், மருந்து கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர், தசமூலஹரீதகி முதலாய மருந்துகள். மருத்துவனின் பெயரும் அவன் பெறும் நெல்லும் பொறிக்கப்பட்டுள. களத்தில் வெட்டுண்டோரை எண்ணாத கல், சாலையிற் கிடக்கும் நோயாளர்க்கு இடம் எத்தனை என எண்ணுகிறது. வரலாற்றுத் துயரைப் பேச இருவகை மொழி நமக்கு உண்டு. ஒன்று மெய்க்கீர்த்தி மொழி, மற்றொன்று கணக்கு மொழி. காதற்படங்கள் முன்னதனையே கற்றன. தீயும் புகையும் ஓலமும் இசையும் நிறைந்து, எத்தனை கிடக்கை என்னும் செய்தி ஒன்று மட்டும் அவற்றில் இராது.

வரலாற்றைக் காதலுக்கு உட்படுத்தும் கதைமுறை திரைக்கு வருமுன் புதினத்தில் நிலைபெற்றது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ காஞ்சியைக் களமாகக் கொண்டது. 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. நரசிம்மவர்மன் 642-ஐ ஒட்டி வாதாபியை அழித்தமை வரலாறு. அவ்வழிவு ஆடல்மகள் ஒருத்தியின் சபதத்தால் நேர்ந்ததென்பது கல்கியின் புனைவு. வாதாபியில் எரிந்த வீடுகள் எவருடையன என்று படிப்பார் வினவ விடாமல் சிவகாமியின் கண்ணீர் காக்கிறது. ஆயினும் கல்கிக்கு ஒரு நேர்மை உண்டு. அச்சபதம் நிறைவேறிய பின்னர்க் காதல் நிறைவேறவில்லை. வென்ற மன்னன் வேறொருத்தியை மணந்திருப்பான், அவளோ ஏகாம்பரநாதர்க்குத் தன்னை ஒப்புவிப்பாள். எரித்த ஊரின் பயனைக் காதலர் துய்க்கவில்லை. பிற்காலத் திரைக்கதையாசிரியர் பலர் கல்கியின் பகட்டைக் கற்றனர், இம்முடிவைக் கற்றிலர்.

இனி ‘பம்பாய்’. இவ்வகையில் மிகுதியும் பேசப்பட்டதும் மிகுதியும் போற்றத்தக்கதும் மிகுதியும் கடியத்தக்கதும் அதுவே. நெல்லைப் பக்கத்துச் சிற்றூரில் இந்து இளைஞன் சேகர், முசுலிம் பெண் சைலா பானுவைக் காதலித்துப் பம்பாய்க்கு அழைத்துச் செல்கிறான். இரட்டை ஆண்மக்கள் பிறக்கின்றனர். ஒருவன் கபீர் நாராயண், மற்றவன் கமால் பஷீர். பாபர் மசூதி இடிக்கப்பட்டபின் 1992 திசம்பரிலும் 1993 சனவரியிலும் கலவரம் மூள்கிறது. பெற்றோர் மூவரும் தீயில் மாள்கின்றனர். மக்கள் தொலைந்து மீள்கின்றனர். இறுதியில் ஊரார் கைகோத்து நிற்கின்றனர்.

மாற்றிப்பார்த்தல் என்னும் எளிய தேர்வு ஒன்றை இங்குச் செய்து காணலாம். கதையின் துயரை எடுத்துவிட்டு வேறொரு துயரை, ஒரு வெள்ளத்தையோ நிலநடுக்கத்தையோ, அவ்விடத்து வைத்தால் கதை நிற்குமாயின், அத்துயர் திரைச்சீலையே. ‘மதராசபட்டினம்’ (2010) இத்தேர்வில் வீழ்கிறது. வண்ணார்குடி இளைஞனுக்கும் ஆளுநர் மகளுக்கும் இடைப்பட்ட அக்காதலுக்கு 1947 ஆகத்து 15 ஓர் இரவுக் காட்சியாக மட்டுமே வேண்டப்பட்டது. முதுமை எய்திய அயல்நாட்டுப் பெண்ணின் நினைவாகக் கதை செல்லும் முறையும் ‘டைட்டானிக்’ காட்டிய வழியே. ‘ரோஜா’வில் காசுமீரம் முதலில் பனியாகவும் பாட்டாகவும் தோன்றிப் பின்னரே கடத்துவோர் நாடாகிறது, ஆண்டு வாழ்வோர்க்குக் கடத்துவோராகவோ கடத்துவோர்க்கு உறவினராகவோ அன்றி வேறு வேலையில்லை. தேஜஸ்வினி நிரஞ்சனா இதனை 1994-லேயே விரித்து எழுதியுள்ளார். யாம் கூட்டுதற்கு மிகுதியில்லை.

‘பம்பாய்’ இத்தேர்வில் வீழாது. அக்கதையில் கலவரத்தை நீக்கி வெள்ளத்தை வைத்தல் இயலாது. இருமதத்தார் மணமே கலவரத்தின் முன்வைக்கப்படும் வினா. இவ்வளவில் மணிரத்னத்தின் கட்டுக்கோப்பு உறுதியானது. குறை அதன் விடையில் உள்ளது. இரட்டையர் கிடைத்தவுடன் படம் முடிகிறது. படம் முடிந்தவுடன் கலவரம் முடிந்ததுபோல் ஆகிறது. ஒரு குடும்பத்தின் மீட்சியே ஒரு நகரத்தின் மீட்சியாக நின்றுவிட்டது. மணத்தை எதிர்த்த முதியோரைத் தீ கொண்டுபோனமையால், மன்னிப்பதா மறுப்பதா என்னும் உண்மைச் சிக்கலும் தீர்ந்துபோயிற்று. கலவரம் கதாசிரியர்க்கு ஏவல் செய்துள்ளது. தொலைந்த சிறுவருள் ஒருவனைத் திருநங்கை ஒருவர் காக்கிறார். படத்தின் அறத்தை அவ்வொருவர் தாங்குகிறார். ஆயின் குடும்பம் கூடியபின் அவர் என்னவாயினார் என்பதைப் படம் கேட்கவில்லை.

நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான விசாரணை ஆணையம் 1998-இல் அளித்த அறிக்கை, இறந்தோர் 900 பேர் எனக் கணக்கிட்டது: முசுலிம்கள் 575, இந்துக்கள் 275, இன்னாரென அறியப்படாதோர் 45, பிறர் 5. படம் இருதரப்பையும் ஒரே நிறையாக நிறுத்தியது. அறிக்கையின் எண்கள் அவ்வாறு நிற்கவில்லை. அறிக்கை படத்திற்கு மூன்றாண்டு பிற்பட்டதாகலின் அக்குறையை முழுதும் இயக்குநர்மேல் ஏற்றுதல் முறையன்று. இருதரப்பையும் ஒப்ப நிறுத்தியும் அவர்தம் வீட்டின்மேல் 1995-இல் வெடிகுண்டு வீசப்பட்டது என்பதும் மறக்கத்தக்கதன்று. எனினும் யாம் கேட்பது வேறு. அந்த நாற்பத்தைவர்! பெயரும் மதமும் அறியப்படாது எரிந்தும் சிதைந்தும் கிடந்த 45 பேர். எந்த மதத்திலும் சேர்க்கமுடியாத அப்பிணங்களை விட, மதங்கடந்த அன்பைப் பேசவந்த படத்திற்கு வலிய பொருள் எது? கணக்கு மொழியை அறிந்த கதாசிரியர் ஆண்டுச் சென்றிருப்பார். தமிழில் பம்பாய்க் கலவரத்திற்குப் பரவலாக அறியப்பட்ட தனிப்புறம் இன்றளவும் இல்லை. எம் வகுப்புகளில் அமரும் இருபத்திரண்டு அகவை மாணவர்க்கு அக்கலவரம் என்பது அப்படமே. கடற்கோட்டையில் ஒலிக்கும் ஒரு காதற்பாட்டே.

‘ஹே ராம்’ மாறுபட்டது. 1946 ஆகத்து 16-ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கிய கொலைவெறியில் சாகேத்ராமன் தன் மனைவி அபர்ணாவை இழக்கிறான். அவ்விழப்பு அவனைக் கொலைஞனாக்கி, காந்தியடிகளைக் கொல்லும் சூழ்ச்சிவரை இட்டுச்செல்கிறது. காதல் இங்குக் களத்தின்மேல் தூவிய பூவன்று, வெறுப்பின் எரிபொருள். இழந்த காதலுக்குப் பழிவாங்கல் இயல்பெனக் கருதும் பார்ப்போரைக் கமலகாசன் அக்கருத்தின் எல்லைவரை நடத்திச்சென்று அங்கே நிறுத்துகிறார். அரிய முயற்சி. ஆயின் அபர்ணா என்னும் பெண்ணை நோக்கின் மனம் நிறையவில்லை. அவள் மகிழ்கிறாள், மாள்கிறாள், பின்னர் மாயத்தோற்றமாக வருகிறாள். அகப்பாடல்களில் மிகப்பல தலைவியும் தோழியும் தாயும் பேசுவன. வெண்ணியின் சாவை நினைத்தவளும் ஒரு தாயே. வரலாற்றைத் தொடும் திரைக்காதலில் பெண்டிர் துயரின் இடமாக உள்ளனர்; துயரைச் சொல்வோராக இல்லை.

அக்குறை நீங்கிய ஓரிடம் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் உண்டு. மாங்குளத்தில் சியாமாவும் திலீபனும் மணந்து கூடிய நாள்கள் சிலவே. போர் அவரைப் பிரிக்கிறது. அவள் ஏதிலியாகக் கடல்கடந்து மகவு ஈன்று, அதனை விட்டு மீள்கிறாள். ஒன்பதாம் பிறந்தநாளில் தான் வளர்ப்பு மகள் என்றறிந்த அமுதா தாயைத் தேடிச் செல்கிறாள். படத்தின் நடுவே எழுத்தாளர் குடும்பத்துக் காதற்கதை ஒன்றும் உண்டு. அது இல்லாதிருந்தால் நன்று. ஆயின் இறுதிச் சந்திப்பில் சியாமா மகளுடன் செல்ல மறுக்கிறாள். அமைதி பிறந்தபின் வருமாறு கூறிப் பிரிகிறாள். தாய்மையோ காதலோ போரைத் தீர்த்துவைப்பதாகப் படம் பொய்யுரைக்கவில்லை. அப்படம் வந்த 2002 பிப்ரவரியிலேயே போர்நிறுத்த உடன்பாடும் கையெழுத்தாயிற்று, அவ்வமைதி நிலைக்கவில்லை. போர் 2009 மேயில் முடிந்த முறையை உலகறியும். இறுதிக்கட்டத்தில் 40,000 வரையிலான குடிமக்கள் மாண்டிருத்தல் கூடும் என்பதை மறுக்கவியலாது என ஐக்கிய நாடுகள் அவைச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் எழுதியது. அமுதாவிற்கு அப்போது அகவை பதினாறு ஆகியிருக்கும். சியாமாவின் விடையை இன்று கேட்பார்க்கு அது படமெடுத்தோர் கருதியதினும் கனத்து ஒலிக்கும். புனைவை வரலாறு பின்வந்து நிறைத்த இடம் இது.

‘பரதேசி’யில் காதல் பொறியாகிறது. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1969-இல் வெளிவந்து, ‘எரியும் பனிக்காடு’ என இரா. முருகவேளால் தமிழாக்கப்பட்டது, பாலாவின் படம் அதனைத் தழுவியது. முற்பகுதியில் நகைச்சுவையாக வரும் இராசா–அங்கம்மா காதல் நெடிது நீண்டு சலிப்பூட்டுகிறது என்பர். இறுதிக் காட்சியே அந்நீட்சிக்கு நியாயம் வழங்குகிறது. தப்பமுடியாத தோட்டத்தினுள் அங்கம்மா தன் மகவுடன் நுழைகிறாள். தலைவனைக் காண வந்தவளே அடுத்த அடிமையாகிறாள். கூடல் ஈண்டுச் சிறை. சங்கத்தார் ஐந்திணைக்கும் இவ்வாறு ஒரு கூடலைக் கண்டிலர். ஆயினும் நூலாசிரியரே மருத்துவராகவும் தொழிலாளர்க்காகப் பாடுபட்டவராகவும் இருக்க, படத்தில் மருத்துவர் மதம்பரப்பும் நகைப்புருவாகச் சுருக்கப்பட்டமை, மூலத்திற்குச் செய்த அநீதி.

பெயரிடாமலே வரலாற்றைத் தொடும் முறையும் உண்டு. பூமணியின் ‘வெக்கை’ (1982) புதினத்தைத் தழுவிய ‘அசுரன்’ (2019), மூலத்தில் இல்லாத முற்கதை ஒன்றைச் சேர்த்தது. சிவசாமியின் இளமைக் காதலி மாரியம்மாள் குடிசையோடு எரிக்கப்படுகிறாள். 1968 திசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் குடிசையுள் 44 பேர் எரிந்து மாண்டமையை நினையாது அக்காட்சியைக் காணும் தமிழர் அரியர். அங்கு இறந்தோருள் மிகுதியானோர் பெண்டிரும் சிறாரும். கூலி உயர்வு கேட்ட குடும்பத்தார். படத்தில் அத்தீ ஒருவன் வாள் எடுப்பதற்குக் காரணமாகிறது. வெண்மணியிலோ வாள் எடுத்தவர் எவரும் அன்று பிழைத்து வெல்லவில்லை. வழக்கும் உயர்நீதிமன்றத்தில் தோற்றது. எனினும் இதனை யாம் கடுமையாகக் கடியவில்லை. வெண்மணிக்குப் புறம் உண்டு: இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) உண்டு, ‘ராமையாவின் குடிசை’ (2005) என்னும் ஆவணப்படம் உண்டு, ஆண்டுதோறும் அவ்வூரில் கூடும் மக்கள் உளர். ‘குருதிப்புனல்’ ஆண்டையின் உளக்கோணலைக் காரணமாக்கியது குறித்துப் பூசல் எழுந்தது. அப்பூசலும் புறத்தின் வளர்ச்சியே. ‘அசுரன்’ காட்டிய தீ அவற்றின்மேல் சாய்ந்து நிற்கலாம். பரணர் வெண்ணிமேல் சாய்ந்ததும் அவ்வாறே.

காஞ்சிபுரத்து நெசவாளர்க்கு அத்தகைய புறம் எங்கே? பிரியதர்சனின் ‘காஞ்சிவரம்’ (2008) ஒன்றையே இங்குள்ளோர் சுட்டுவர். 1948-இல் காவலருடன் ஊர் திரும்பும் கைதி வேங்கடத்தின் நினைவாக அது செல்கிறது. மகள் மணத்திற்குப் பட்டுடுத்துவேன் எனச் சூளுரைத்தவன், அதற்காக நாளும் இழையை வாயில் ஒளித்துக் கொணர்ந்து நெய்கிறான். பொதுவுடைமை இயக்கத்தில் நின்று வேலைநிறுத்தம் நடத்தியவன், இழை வேண்டியே அந்நிறுத்தத்தை முறிக்கிறான். ஈற்றில் முடம்பட்டுக் கிடக்கும் மகளுக்குத் தானே நஞ்சூட்டி, அரைகுறைப் பட்டால் அவள் உடலை மூட முயல்கிறான்; முகத்தை மூடினால் கால் தெரிகிறது. அகத்தின் ஆசையே புறத்தின் போராட்டத்தைக் காட்டிக்கொடுத்தது என்னும் இக்கதையமைப்பு, மேற்கூறிய படங்கள் யாவற்றினும் கடியது, மெய்யானது. காதற்பாட்டு எதுவும் அதன் துயரைத் தணிக்க வரவில்லை. ஆயினும் அப்படம் ஒரு தந்தையைத் தந்தது; கூலிக்கு நெய்தோர் எத்தனை பேர், அவர்க்குக் கிடைத்தது எவ்வளவு, கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தபின் எது மாறிற்று, எது மாறவில்லை என்பவற்றைத் தரவில்லை; தரவேண்டுவதும் படத்தின் வேலையன்று. அது ஆராய்ச்சியாளர் வேலை. சின்னக் காஞ்சியிலும் பெரிய காஞ்சியிலும் தறிக்குழியில் கால்வைத்து எழுபது அகவை கடந்தோர் இன்றும் உளர். அவர்தம் தந்தையர் கூறக்கேட்ட செய்திகளும் அவரிடம் உள. அவற்றைப் பெயரும் கூலியும் ஆண்டும் குறித்து எழுதிக்கொள்ள எம் துறையின் முதுகலை மாணவர்க்கு ஒரு கோடை விடுமுறை போதும்.